எட்டுக்கு முந்திய தேர்வு

மோட்டார் வாகனம் ஓட்ட விரும்பும் ஒருவருக்கு இந்தியச் சட்டம் இரண்டு தேர்வுகளை வைத்திருக்கிறது. சாலைவிதிகள் தெரியுமா என்று பார்க்கும் அறிவுத் தேர்வு ஒன்று; வாகனத்தைக் கையாளத் தெரியுமா என்று பார்க்கும் ஓட்டுத் தேர்வு மற்றொன்று. முதலாவதில் தேறியவருக்குப் பழகுநர் உரிமமும் இரண்டாவதில் தேறியவருக்கு ஓட்டுநர் உரிமமும் வழங்கப்படுகின்றன. தமிழ்நாட்டு வழக்கில் முன்னது ‘எல்.எல்.ஆர்.’ என்ற மூன்றெழுத்தாகவும், பின்னது ‘எட்டு போடுதல்’ என்ற ஒற்றைச் செயலாகவும் சுருங்கிவிட்டன. எட்டுப் போடும்போது காலைத் தரையில் ஊன்றிவிட்டவரைப் பற்றி ஊரே பேசும்; எல்.எல்.ஆர். தேர்வில் தோற்றவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனெனில் அதில் தோற்கவும் முடியும் என்றே பெரும்பாலோர் கருதுவதில்லை. சமவெளியில் அமைந்த ஒரு நகரத்தில் இந்த அலட்சியத்தின் விலை உடனே தெரியாமல் போகலாம். ஆனால் மூன்று பக்கமும் மலை சூழ, அன்றாடப் பிழைப்புக்கே மலையேற வேண்டியிருக்கும் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், எட்டைவிட அதற்கு முந்திய தேர்வே உயிரோடு நெருங்கிய தொடர்புடையது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11ஆம் விதி, இந்த முதல்நிலைத் தேர்வு எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று நான்கு பொருள்களைக் குறிப்பிடுகிறது: சாலைக் குறியீடுகள், சைகைகள், சாலை ஒழுங்குமுறைகள் பற்றிய அறிவு; விபத்து நேர்ந்து உயிரிழப்போ காயமோ பொருள்சேதமோ ஏற்படும்போது ஓட்டுநருக்குள்ள கடமைகள்; ஆளில்லா ரயில் கடவைக் கடக்கும்போது கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கை; வாகனம் ஓட்டும்போது வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். கேட்கப்படும் வினாக்களில் குறைந்தது 60 விழுக்காட்டுக்குச் சரியான விடை அளித்தவரே போதிய அறிவுடையவராகக் கொள்ளப்படுவார். தேறியவர் பெறும் பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். பெற்ற நாளிலிருந்து 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுத் தேர்வுக்குச் செல்லலாம். ஆதார் எண்ணின் அடிப்படையில் இணையவழியாகவே தேர்வு எழுதும் வசதி வந்துவிட்டது. 2024 மார்ச் முதல் தமிழ்நாட்டின் இ-சேவை மையங்களிலும் விண்ணப்பிக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியை இழந்து அலைய வேண்டியிருந்த மலையடிவாரச் சிற்றூர்க்காரருக்கு இது பெரிய உதவி என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் வசதி பெருகிய அளவுக்குப் படிப்பு பெருகவில்லை. விடைகளை வரிசையாக மனப்பாடம் செய்வதும், அருகில் நிற்பவர் சொல்லும் விடையைத் தொடுவதும் எளிதாகியிருக்கும்போது, தேர்வு நடந்ததற்கான பதிவு கணினியில் இருக்கும், கற்றதற்கான தடயம் சாலையில் இருக்காது.

இங்குள்ள சாலைகளின் அமைப்பை நினைவில் கொண்டால்தான் இந்தக் குறையின் ஆழம் புலப்படும். 1996இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டு உருவான தேனி மாவட்டத்தின் ஊடாக இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் செல்கின்றன. திண்டுக்கல்லிலிருந்து வரும் 183ஆம் எண் சாலை தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகப் பள்ளத்தாக்கின் நீளம் முழுவதும் ஓடி, லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறிக் குமுளியில் கேரளத்தைத் தொடுகிறது. மதுரையிலிருந்து வரும் 85ஆம் எண் சாலை போடிநாயக்கனூரைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளின் வழியே போடிமெட்டுக்கு ஏறி மூணாறு நோக்கிச் செல்கிறது. இவற்றுக்கு இடையில் கம்பம்மெட்டுச் சாலை. கிழக்கே சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலை. ஆக, இந்த மாவட்டத்தில் உரிமம் பெறும் ஒருவர் முதல் வாரத்திலேயே நெல் காயும் கிராமச் சாலை, லாரிகள் விரையும் புறவழிச்சாலை, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக உள்ள மலைப்பாதை ஆகிய மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட முடியும். ஓட்டுத் தேர்வுக்கான திடலோ சமதளத்தில் இருக்கிறது. எட்டு போடும் இடத்தில் ஏற்றமும் இல்லை, எதிரே வரும் பேருந்தும் இல்லை. மலையைப் பற்றி உரிமம் பெறுவதற்கு முன் ஒருவர் எதையாவது கற்கிறார் என்றால், அது அறிவுத் தேர்வுக்கான படிப்பில் மட்டுமே நிகழ முடியும்.

அந்தப் படிப்பின் தொடக்கம் சாலைக் குறியீடுகள். படங்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வோர் எளிதில் குழம்புகின்றனர். வடிவத்துக்கும் நிறத்துக்கும் உள்ள இலக்கணத்தைப் புரிந்துகொண்டவருக்குப் பார்த்திராத பலகைகூடப் பாதி புரிந்துவிடுகிறது. வட்டம் கட்டளையைக் குறிக்கும். சிவப்பு விளிம்புடைய வட்டம் ‘செய்யாதே’ என்றும், நீல வட்டம் ‘செய்’ என்றும் பொருள்படும். முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். ‘நில்’ என்பதற்கு எண்கோணமும், ‘வழிவிடு’ என்பதற்குத் தலைகீழ் முக்கோணமும் தனியாக ஒதுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம், எழுத்து அழிந்தாலும் சேறு படிந்தாலும் வடிவத்தைக் கொண்டே அவற்றை அடையாளம் காண வேண்டும் என்பதுதான். மலைச்சாலையில் அடிக்கடி எதிர்ப்படும் ஒலிப்பான் பலகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒலிப்பானின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் ஹாரன் அடிக்கக் கூடாது. அதே படம் நீல வட்டத்துக்குள் இருந்தால் கட்டாயம் அடிக்க வேண்டும். மருத்துவமனை வாசலுக்கும் எதிர்ப்பக்கம் தெரியாத வளைவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் அந்த நிறத்தில் அடங்கியிருக்கிறது. செங்குத்தான ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள பலகைகள் ஏறக்குறைய ஒரே படம். சரிவில் நிற்கும் கார் எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதே வேறுபாடு. தேர்வில் இதைத் தவறவிட்டால் ஒரு மதிப்பெண் போகும். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது தவறவிட்டால் கியரை மாற்ற வேண்டிய இடம் கடந்துபோயிருக்கும்.

இறக்கத்தில் கியர் என்பது சிறிது விரித்துச் சொல்ல வேண்டிய செய்தி. கீழ்நோக்கிச் செல்லும் வாகனத்தைப் புவியீர்ப்பு விசை தொடர்ந்து முடுக்கிக்கொண்டே இருக்கும். அதை முழுவதும் பிரேக்கால் தடுக்க முயன்றால், உராய்வினால் பிரேக் பட்டைகள் அளவுக்கு மீறிச் சூடேறி, பிடிமானம் படிப்படியாகக் குறைந்து, மிதித்தும் வண்டி நிற்காத நிலை வரும். குறைந்த கியரில் இறங்கும்போது என்ஜினே வேகத்துக்குக் கடிவாளமாகிறது. பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கிறது. எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பதன் அறிவியல் இதுவே. இதற்கு நேர்மாறாக, எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி என்ஜினை அணைத்தோ நியூட்ரலில் விட்டோ இறங்கும் பழக்கம் இருசக்கர வாகனக்காரரிடம் உண்டு. அவ்வாறு மிச்சமாகும் பெட்ரோலின் மதிப்பு ஒரு தேநீருக்கும் காணாது.

எதிரெதிரே இரு வாகனங்கள் சேர்ந்து செல்ல இடம் போதாத சரிவில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்ற வினாவுக்கு, 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகள் தெளிவான விடை தந்தன: இறங்கி வருபவர் ஓரமாக நிறுத்தி, ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். ஏறும் வாகனம் ஒருமுறை வேகத்தை இழந்துவிட்டால், குறிப்பாகச் சுமையோடு இருந்தால், மீண்டும் நகர்வது கடினம். பின்னோக்கி உருளும் ஆபத்தும் உண்டு. இறங்கும் வாகனத்துக்கு நின்று புறப்படுவதில் அந்தச் சிரமம் இல்லை. காரணத்தோடு கற்றவர் இதை மறக்கமாட்டார். ஆனால் நடைமுறையில், இறங்கி வருபவர் முகப்பு விளக்கை இருமுறை மின்னவிட்டு, ‘வருகிறேன், நீ ஒதுங்கு’ என்று அறிவித்துவிட்டு வளைவுக்குள் நுழைவதே மிகுதி. விளக்கை முதலில் மின்னவிட்டவருக்கு முன்னுரிமை என்று எந்த விதியும் கூறவில்லை. வளைவிலும் மேட்டு உச்சியிலும் முந்தக் கூடாது என்ற விதிக்கும் இதுவே நிலை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டரைக் கடக்கிறது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தொலைவு நான்கு மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் நிறுத்த முடியாத வேகம் எதுவானாலும், பலகையில் எழுதப்பட்ட வரம்புக்கு உட்பட்டதே ஆயினும், அந்த வளைவுக்கு அது மிகைதான்.

இந்தக் கணக்குகளோடு மிக நெருக்கமாக வாழ்பவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். போடி, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். குறித்த நேரத்துக்குள் தோட்டத்தை அடைய வேண்டும் என்ற நெருக்கடியும், ஒரே நடையில் கூடுதல் ஆட்களை ஏற்றினால்தான் கட்டுப்படியாகும் என்ற பொருளாதாரமும் சேர்ந்து, வண்டிக்குள் இருக்கவேண்டிய எண்ணிக்கையைப் பலமுறை மீறச் செய்கின்றன. சுமை கூடும்போது பிரேக்கின் வேலை கூடுகிறது, வளைவில் கவிழும் வாய்ப்பும் கூடுகிறது என்பது அந்த ஓட்டுநருக்கு அனுபவத்தில் தெரியும். அதை அவருக்கு முறையாகக் கற்பித்தவர் யார் என்பதே கேள்வி. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு, இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தையும் தனி ஒப்புதல் இன்றி ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. பிழைப்புக்காக வண்டி ஓட்டுவோருக்கும் காப்பீடு கோரும் குடும்பங்களுக்கும் நியாயம் செய்த தீர்ப்பு அது. அதன் உடன்விளைவாக, பதினெட்டு வயதில் சொந்தக் காருக்கென்று எழுதிய எல்.எல்.ஆர். தேர்வின் அறிவே, பின்னாளில் கூலியாட்களை மலைக்கு ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கும் அடிப்படையாக அமைகிறது. அந்த அடிப்படையை வலுப்படுத்தும் கடமை அரசுக்கு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

மலைச்சாலையின் ஆபத்து உள்ளூர்க்காரரோடு நிற்பதில்லை. கார்த்திகை பிறந்து மகரஜோதி முடியும்வரை தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் சபரிமலைக்குச் செல்லும் வாகனங்கள் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே நகர்கின்றன. நெரிசலைக் குறைக்க, போகும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்பும் வாகனங்களைக் குமுளி வழியாகவும் ஒருவழிப்படுத்தும் ஏற்பாட்டைக் காவல்துறை இக்காலத்தில் மேற்கொள்கிறது. 2022 டிசம்பர் 23 இரவு, தரிசனம் முடித்துத் திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதிப் பக்தர்களின் கார் குமுளி மலைச்சாலையிலிருந்து பள்ளத்தில் விழுந்து, பெரியாற்று நீரை லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குக் கொண்டுசெல்லும் ராட்சதக் குழாயின்மேல் மோதியதில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். மலைக்கு அன்னியரல்லர் அவர்கள், இதே மாவட்டத்துக்காரர்கள். நீண்ட பயணத்தின் களைப்பு, இருட்டு, இறக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் வேளையில் வண்டியை எடுக்கலாமா, விடியும்வரை தங்கலாமா என்பதும் சாலைப் பாதுகாப்பு அறிவின் பகுதிதான். அந்த ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற அளவோடு தமிழ்நாடே மாநிலங்களில் முதலிடத்தில் இருந்தது.

ரயில் கடவு பற்றிய பாடத்துக்கு இந்த மாவட்டத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூன் மாதமுமே ரயில் திரும்பி வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் வளர்ந்து உரிமம் பெற்ற ஒரு தலைமுறைக்கு, சொந்த ஊரில் தண்டவாளம் இருந்தது, ரயில் இல்லை. நாட்டின் அகலப்பாதைகளில் ஆளில்லாக் கடவுகள் 2019 தொடக்கத்துக்குள் ஒழிக்கப்பட்டுவிட்டதால் 11ஆம் விதியின் சொற்கள் இன்று சற்றே பழமைப்பட்டுத் தோன்றலாம். ஆனால் மூடிய கேட்டின் அடியில் பைக்கைச் சாய்த்து நுழைப்பவர் இருக்கும்வரை, நின்று, இருபுறமும் பார்த்து, கடக்க உரிமை உண்டா என்று உறுதிசெய்துகொள்ளும் ஒழுக்கத்தைக் கற்பிக்கும் தேவை பழமைப்படவில்லை.

விபத்துக்குப் பிந்தைய கடமைகளே பாடத்தில் மிகக் குறைவாகப் படிக்கப்படும் பகுதி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஓட்டுநர் நியாயமான எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்கிறது. கூட்டத்தின் கோபத்தாலோ தம் கட்டுப்பாட்டை மீறிய வேறு காரணத்தாலோ அது இயலாதபோது மட்டுமே விலக்கு. காவல்துறைக்கு உடனே, எப்படியாயினும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ‘தொட்டால் கேஸ் நம் தலையில் விழும்’ என்ற அச்சத்தில் வேடிக்கை பார்ப்போருக்காகவே 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது குற்றவியல் வழக்கோ இழப்பீட்டு வழக்கோ தொடர முடியாது. தம் பெயரையும் விவரத்தையும் சொல்ல அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தேனிக்கும் கிழக்கே க.விலக்கில் இருக்கிறது, குமுளி மலைச்சாலையில் அடிபட்டவரை அங்கே சேர்க்கப் பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்தாக வேண்டும். இடையில் கம்பத்திலேயே அரசு மருத்துவமனை உண்டு என்பதையும், 108க்கு அழைத்து எந்த வளைவு, எந்தப் பாலம் என்று இடத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்பதையும் அறிந்த ஒருவர் அருகில் இருப்பது, சில நேரங்களில் மருத்துவர் அருகில் இருப்பதற்கு ஈடாகும்.

ஆவணங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகிய நான்கும் வேண்டும். டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். பழகுநர் தம் வாகனத்தின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்தைப் பொருத்த வேண்டும், உரிமம் பெற்ற ஒருவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பவை பலரும் விடையாக எழுதிவிட்டு மறுநாளே மீறும் விதிகள். பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் பைக் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் அறிய வேண்டிய விதி ஒன்றும் உண்டு: 199ஏ பிரிவின்படி, சிறுவர் குற்றமிழைத்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம், அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. தோட்டத்துக்குச் சோறு கொண்டுபோகத்தானே என்ற சமாதானத்தைச் சட்டம் ஏற்பதில்லை.

பிற நாடுகள் அறிவுத் தேர்வை எவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டன என்பதையும் நோக்கலாம். பிரிட்டன் 1996இல் எழுத்துத் தேர்வைத் தனியாகப் பிரித்தது; இன்று அதில் 50 வினாக்களில் 43க்குச் சரியான விடை கட்டாயம். 2002இல் ஆபத்தை முன்னுணரும் திறனைச் சோதிக்கும் பகுதியையும் சேர்த்தது. அதில் தேர்வர் சாலைக் காட்சிகள் அடங்கிய 14 காணொளிகளைப் பார்த்து, ஆபத்து உருவாகத் தொடங்கும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு முன்னதாக உணர்கிறாரோ அவ்வளவு மதிப்பெண். சிங்கப்பூரில் அடிப்படை, இறுதி என்று இரண்டு கோட்பாட்டுத் தேர்வுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50க்கு 45 பெற வேண்டும். நம் 60 விழுக்காட்டை இவற்றோடு ஒப்பிட்டால், பத்தில் நான்கு விதிகளை அறியாதவரும் சாலைக்கு வரலாம் என்று நாம் ஒப்புக்கொண்டிருப்பது தெரியவரும். அந்த நான்கில் ஏறுபவருக்கு வழிவிடும் விதியும் ஒன்றாக இருந்துவிடலாம். கொள்குறி வினாவின் மூன்று விடைகளில் ஒன்றைத் தொடுவதற்கும், எதிர்வளைவில் இலை அசைவதையோ மாட்டு மணி ஓசையையோ கொண்டு வரவிருப்பதை ஊகிப்பதற்கும் உள்ள தூரத்தைக் காணொளித் தேர்வு ஓரளவாவது குறைக்கும். அதற்குப் போடிமெட்டுச் சாலையிலும் குமுளிச் சாலையிலும் படமெடுத்தாலே போதிய காட்சிகள் கிடைக்கும்.

அதுவரை, தேர்வுக்குப் படிப்பவர் வினாத் தொகுப்பை மட்டும் நம்பாமல், தாம் அன்றாடம் செல்லும் சாலையில் ஒருமுறை பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து, எதிர்ப்படும் ஒவ்வொரு பலகைக்கும் பொருளும் காரணமும் சொல்லிப் பார்ப்பது எந்தக் கையேட்டைவிடவும் பயன் தரும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் எட்டுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் ஏற்ற இறக்க விதிகளுக்கு ஒதுக்க வேண்டும். மலைச்சாலை பற்றிய வினாக்கள் தொகுப்பில் இருந்தாலும், கணினி தற்செயலாகப் பொறுக்கியெடுக்கும் தாளில் அவை வந்தே தீரும் என்ற உறுதி இல்லை. தேனி, திண்டுக்கல், நீலகிரி போன்ற மலை மாவட்டங்களின் ஒவ்வொரு வினாத்தாளிலும் அத்தகைய வினாக்கள் இரண்டோ மூன்றோ கட்டாயம் இடம்பெற வேண்டும். அவற்றில் தவறினால் மற்றவற்றில் பெற்ற மதிப்பெண் ஈடுசெய்யக் கூடாது. இவற்றுள், வினாத்தாளில் கட்டாய வினாக்களைச் சேர்க்கும் மாற்றத்துக்கு நாடாளுமன்றத்தின் திருத்தம் தேவையில்லை. வினாத் தொகுப்பைத் தயாரிக்கும் பொறுப்பை 11ஆம் விதி மாநில அரசிடமே விட்டிருக்கிறது.